தாளக் கணக்கு மட்டும் புரோகிரசிவ் ராக் ஆகுமா?

புரோகிரசிவ் ராக் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு பட்டியலைத்தான் சொல்வார்கள். பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும், தாளம் நான்கு எண்ணிக்கையிலேயே நிற்கக் கூடாது, மேடையில் கீபோர்டுகள் குவிந்து கிடக்க வேண்டும், வரிகளில் புராணமோ விண்வெளியோ வர வேண்டும், இசைத்தட்டின் உறையில் விசித்திரமான ஓவியம் ஒன்று இருக்க வேண்டும். இவை எல்லாம் அந்த இசையில் உண்டுதான். ஆனால் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தாலும் ஒரு பாட்டு புரோக், அதாவது புரோகிரசிவ் ராக், ஆகிவிடாது என்பது என் எண்ணம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன் இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என்றாலும், தாளக் கணக்கோடு அன்றாடம் புழங்குகிறவனுக்கு, கணக்கால் எவ்வளவு சாதிக்க முடியும், எவ்வளவு முடியாது என்பது ஓரளவு பிடிபட்டுவிடுகிறது.

பிங்க் ஃபிளாய்ட் குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் உள்ள 'மணி' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். நாணயம் விழும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டியின் மணி ஆகியவற்றைப் பதிவு செய்து, அந்த ஒலிநாடாத் துண்டுகளை அளவுகோல் வைத்துச் சம நீளத்தில் வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றாக ஓடவிட்டிருந்தார்கள். மேற்கத்திய ரசிகர்கள் அந்த ஏழைப் பெரிய அதிசயமாகப் பேசுவார்கள்; ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் பழகிய என் மாணவர்களோ அதை முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். சாக்ஸஃபோன் தனி ஆவர்த்தனமும் ஏழிலேயே போகிறது; கிட்டார் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாட்டு சாதாரண நான்குக்கு இறங்கிவிடுகிறது. தாளத்தை விலக்கிவிட்டுக் கேட்டால் அடியில் இருப்பது நல்ல, பழகிய ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. ஆகவே அந்தப் பாட்டைத் தனியாகப் புரோக் என்று சொல்ல நான் தயங்குவேன். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும் முழுத் தொகுப்பையும் ஒரே படைப்பாகக் கொண்டால் அது வேறு விஷயம்.

பிறகு எதைத்தான் புரோக் என்பது? தொடக்கத்தில் ஒரு கருத்தைச் சொல்லி, அதை விட்டு வெகுதூரம் விலகி, அது திரும்பி வரும்போது புதிய பொருளோடு ஒலிக்குமாறு பாட்டைக் கட்டுவதே அதன் உயிர் என்பேன். இதற்கு ஜெனசிஸ் குழுவின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்ற பாட்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' தொகுப்பில் உள்ள அந்தப் பாட்டு, டோனி பேங்க்ஸ் தனியாக வாசிக்கும் பியானோ முகப்போடு தொடங்குகிறது. பதின்மூன்று, பதினைந்து என்று சந்தங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் கேட்பவருக்கு இடறல் தெரியாது. ஓடை ஒன்று ஓடுவதுபோல் அது நழுவிச் செல்கிறது. பிறகு குரல் வருகிறது; அதற்குப் பின் புல்லாங்குழலில் சோகமான, மிக எளிய ஒரு மெட்டு. சற்று நேரத்தில் அதே பியானோ முகப்பு, இம்முறை சிந்தசைசரில், டிரம்ஸும் பேஸும் பின்னால் முழங்க முழுக் குழுவின் வாசிப்பாகத் திரும்புகிறது. அது தணிந்ததும் ஸ்டீவ் ஹாக்கெட் தம் கிட்டாரில் புல்லாங்குழல் மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நீட்டி வாசிக்கிறார். குழலில் தயங்கி வந்த மெட்டு கிட்டாரில் கதறலாகிவிடுகிறது. சுரங்கள் அவையேதான்; இடைப்பட்ட நிமிடங்களில் நாம் கேட்ட அனைத்தும் அவற்றின் மேல் ஏறி நிற்கின்றன. 1977இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' மேடைப் பதிவில் பியானோ முகப்பை விட்டுவிட்டு நேரே குரலில் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டால் சிந்தசைசர் பகுதி எங்கிருந்தோ வந்து விழுந்தாற்போல் இருக்கிறது, ஏனென்றால் அது நினைவூட்ட வேண்டியது எதுவும் நம் காதில் இல்லை.

இப்படி ஒரு கட்டமைப்பை ராக் கலைஞர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க ப்ளூஸில் வேர்விட்ட ராக் இசை, 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தேவாலயப் பாட்டும் பியானோப் பாடமும் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் கைக்குப் போனது. கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் வெளிவந்தபோது, அதில் ஒலித்த மெல்லோட்ரான் என்ற கருவி இந்த மாற்றத்தைக் காதுக்கே காட்டியது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் வயலின் போன்ற வாத்தியம் ஒன்றின் ஒலி பதிந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஏறத்தாழ எட்டு நொடி ஓடித் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். வாசிப்பவர் அந்த எட்டு நொடிக்குள் அடுத்த சுரத்துக்குப் போயாக வேண்டும். அந்தக் குழுவின் இசையில் உள்ள கனத்த, சற்றே நடுங்கும் ஓசை அந்தக் கருவியின் ஓசைதான். இதற்கு நேர்மாறாக, எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்பை எடுத்து 1971இல் மேடைப் பதிவாக வெளியிட்டதை என்னால் அவ்வளவாகப் பாராட்ட முடியவில்லை. அதில் வாசிப்புத் திறன் மிகுதி, கட்டிய வீடு மட்டும் அடுத்தவருடையது.

நீளத்துக்கு எல்பி இசைத்தட்டும் ஒரு காரணம். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததால், யெஸ் குழு 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்ற ஏறத்தாழ பதினெட்டரை நிமிடப் படைப்பால் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. அதே ஆண்டு ஜெத்ரோ டல் இரண்டு பக்கங்களையும் ஒரே பாட்டாக்கி வெளியிட்டது. அது இந்தப் போக்கையே கேலி செய்வதற்காகச் செய்யப்பட்டது என்பதும், கேலியே அவ்வகையின் சிறந்த படைப்புகளில் ஒன்றாகிப்போனது என்பதும் வேடிக்கை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கள்ளப் பதிவு கேசட்டுகளில்தான் எங்கள் தலைமுறை இவற்றைக் கேட்டது. பாட்டு உச்சத்தை நெருங்கும்போது நாடா முடிந்துவிடும். மறுபக்கத்தைப் போட்டால் வேறு குழுவின் பாட்டு ஓடும்.

நம்மிடமே இது இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. தைப்பூசத்தில் உறுமி மேளம் வேகம் ஏறி ஏறிப் போவதைக் காட்டுவார்கள். அதன் ஆற்றலை நான் மறுக்கவில்லை, ஆனால் அது ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து அருளை வரவழைப்பது. விலகிப் போய்த் திரும்புவது அதன் வேலையே அன்று. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில், தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் மனத்தில் வைத்துச் செய்த அந்த 1986ஆம் ஆண்டுப் படைப்பில், நான் சொல்லும் கட்டமைப்பு நிச்சயம் உண்டு. ராக்கின் முதுகெலும்புதான் இல்லை. ராக் காபாக் என்ற மலாய் ராக் வகைப் பாட்டுகளில் முதுகெலும்பு இருந்தது, கட்டமைப்பு பல்லவி, சரணம் என்று பழையபடியே நின்றது.

பிற்காலத்தவர்களில் டூல் குழுவை நான் மதிக்கிறேன். 2001இல் வந்த 'லேட்டரலஸ்' பாட்டில், ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சி வரிசைப்படி அசைகள் ஏறி இறங்குவது வெறும் வித்தையாக நின்றுவிடாமல், சுருளாக விரியும் வரிகளின் பொருளோடு ஒட்டிப்போகிறது. ட்ரீம் தியேட்டர் குழுவின் விரல் வேகம் மலைக்கவைக்கிறது, ஆனால் பல இடங்களில் வேகம்தான் எஞ்சுகிறது.

எங்கள் ஊரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் என் அக்காள் மகன், தன் குழுவின் பதினொரு நிமிடப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "மாமா, இது புரோக்தானே?" என்று கேட்டான். ஏழு இருந்தது, ஒன்பது இருந்தது, உறுமியும் இருந்தது. ஐந்து மெட்டுகள் சரக்கு ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, முதல் பெட்டி கடைசிவரை திரும்பவில்லை. இரண்டு மெட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் கிட்டாரில் வருவதை முடிவில் நாதஸ்வரத்துக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது பாட்டு ஆறு நிமிடத்தில் முடிகிறது, நாதஸ்வரம் நுழையும் இடத்தில் எனக்கே சிலிர்க்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. வெட்டிய பகுதியில்தான் அவனுடைய ஒன்பது எண்ணிக்கை இருந்தது.