மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ்: பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

அண்ணனின் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மஞ்சள் அட்டை, அதாவது குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ, ஆனால் 80க்குக் கீழே. ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற நோயோடு வாழும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எங்கள் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

இணைய விண்ணப்பம், போட்டோ, கையெழுத்து, ஆதார் எல்லாம் இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடும். ஆனால் 'சமர்ப்பி' அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் மனநோய் ஒரு வகை, அறிவுசார் குறைபாடு வேறொரு வகை. நாங்கள் போன மையத்தில், சொல்லச் சொல்லக் கேட்காமல், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போய் நின்றால், ஐக்யூ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மனநோய்க்கான சதவீதத்துக்கும் ஐக்யூவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பெயரின் இனிஷியலும் அப்படித்தான். ஆதாரில் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், மருத்துவமனைச் சீட்டில் இல்லவே இல்லை என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது சதவீதம் எப்படி வருகிறது என்பது. இது தெரியாமல் போனால் எந்தக் காகிதம் முக்கியம் என்றே புரியாது. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல். நான்கு தலைப்புகள்: தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதோடு நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண்: 2 ஆண்டுக்குக் கீழ் என்றால் 1, 2 முதல் 5 ஆண்டு 2, 6 முதல் 10 ஆண்டு 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. கூட்டினால் 7 வந்தால்தான் 40 சதவீதம். 40 சதவீதம் இல்லையென்றால் பெரும்பாலான சலுகைகள் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிப்பது, உடுத்துவதில் சிக்கல் இல்லை, 0. பழகுவதில் 1, பேச்சில் 1, வேலையில் 2. ஆக 4. கையில் கடந்த மூன்று ஆண்டுச் சீட்டுகள் மட்டும் இருந்தால், ஆண்டுக்கான மதிப்பெண் 2, மொத்தம் 6. சான்றிதழ் கைநழுவிப் போகும். அதே நபருக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு ஓ.பி. சீட்டு இருந்தால் மொத்தம் 8. மடங்கி மஞ்சளேறிய ஒரு காகிதம் இவ்வளவு செய்கிறது. எங்களிடம் "பழைய நோய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பினார்கள். அம்மா புடவை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த முதல் டிஸ்சார்ஜ் சம்மரிதான் காப்பாற்றியது.

காகிதம் தொலைந்துவிட்டதா? முதலில் பார்த்த மருத்துவமனையில் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25, நோயாளிக்குத் தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. வாயால் கேட்டால் "ரெக்கார்ட் ரூம்ல இல்லைங்க" என்று முடித்துவிடுவார்கள். நோயாளி கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கையோடு பிரிவு 14ன்படி உங்களை நியமனப் பிரதிநிதியாக அவர் எழுதிக் கொடுப்பதும் நல்லது. வெள்ளைத் தாளில், அவர் கையெழுத்தோ கைநாட்டோ போதும். நோயையும் சிகிச்சையையும் பற்றி மருத்துவரிடம் விவரம் கேட்க அது உங்களுக்கு உதவும். அவர் தெளிவாக இருக்கும் நாளில், என்ன எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

போர்டு நாள் (சான்றிதழுக்காக மருத்துவக் குழு உட்காரும் நாள்) என்று போட்டிருந்தாலும், மனநல மருத்துவர் அன்று வருகிறாரா என்று காலையிலேயே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். எலும்பு, கண், காது மருத்துவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, மனநல மருத்துவர் மட்டும் தாலுகா மருத்துவமனை முகாமுக்குப் போயிருப்பார். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத ஒருவரை மணிக்கணக்கில் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வெறுங்கையோடு அழைத்து வருவது, ஒரு நாள் வீணான விஷயம் மட்டுமல்ல. அடுத்த தடவை அவரைக் கிளப்புவதே பெரும்பாடு.

உள்ளே நடப்பது சில நிமிடங்கள்தான். "எப்படி இருக்கீங்க?" என்றால் அண்ணன் "நல்லா இருக்கேன் சார்" என்பார். தனக்கு நோயே இல்லை என்று நினைப்பது பலருக்கு இந்த நோயின் ஒரு பகுதி. அதை அப்படியே எழுதிக்கொண்டால் மதிப்பெண் சரிந்துவிடும். அதற்காக அவர் எதிரிலேயே "குளிக்கவே மாட்டார், யாரோடும் பேச மாட்டார்" என்று அடுக்காதீர்கள். அவருக்கும் மானம் உண்டு, எல்லாம் காதில் விழுகிறது. நான்கு தலைப்பிலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, மருத்துவர் கையில் கொடுங்கள். 'சிரமப்படுகிறார்' என்பது போதாது. 'சொன்னால்தான் குளிப்பார், வாரம் இரண்டு முறை', 'கடைசியாக வேலைக்குப் போனது 2016, இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்', 'மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்' என்று எழுதுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி இருந்தாலே போதும்.

வரிசையில் நிற்கும்போது ஒருவர், "ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க, பர்சென்ட் ஏறும்" என்று யோசனை சொன்னார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்ப வருவதற்கான முக்கியக் காரணம். மறுபடி பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். சிலர் முழுதாக வருவதே இல்லை. எந்தச் சதவீதமும் அதற்கு ஈடாகாது.

சான்றிதழை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 59ன்படி மேல்முறையீடு உண்டு. எழுத்தில் கேட்டவுடனேயே கோப்பை மறுபடி புரட்டிப் பார்ப்பதும் நடக்கிறது.

சான்றிதழ் வந்தபிறகும் ஒரு வீண் பயணம் காத்திருக்கிறது. பாதுகாவலர் நியமனம், நிராமயா மருத்துவக் காப்பீடு என்று கேட்டால் நேஷனல் டிரஸ்டின் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அமைப்பு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. மனநோய் மட்டும் உள்ளவர் அதில் வரமாட்டார். நாங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மாடி ஏறி இறங்கியபிறகுதான் இதை ஒருவர் சொன்னார். அரசு வேலை இட ஒதுக்கீட்டில் இடம் உண்டு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 34ன்படி 4 சதவீதத்தில், மனநோய் வரும் பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம். வருமான வரி கட்டும் குடும்பத்தினர், பழைய வரிமுறையில் இருந்தால், வரிக்குரிய வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழிக்கலாம் (1961 வருமான வரிச் சட்டத்தில் இது பிரிவு 80டிடி). 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

அட்டையை வாங்கியதும் சான்றிதழில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால், காலாவதிக்குச் சில மாதம் முன்பே புதுப்பிக்கப் போய்விடுங்கள். அதுவரை ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும், ஊசி போட்ட தேதியோடு, ஒரே கோப்பில் வரிசையாகப் போட்டு வையுங்கள்.