500 டாலர் கொடுத்து நாடகம் வாங்கிய எட்வின் ஃபாரஸ்ட்

அமெரிக்க நாடக நடிகர் எட்வின் ஃபாரஸ்ட் பேரை எடுத்தாலே 1849 நியூயார்க் ஆஸ்டர் பிளேஸ் கலவரத்தைத்தான் பேசுவாங்க. இங்கிலாந்து நடிகர் மெக்ரெடியோட அவருக்கு இருந்த பகை, துப்பாக்கிச் சூடு, 20 பேருக்கு மேல சாவு. சரி. ஆனா அவர் தொழில் நடத்தின விதம் அதைவிட சுவாரசியம்.

1806இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். 14 வயசில் வால்நட் ஸ்ட்ரீட் தியேட்டரில் மேடையேறினார். 1828இல் ஒரு போட்டி அறிவித்தார்: ஐந்து அங்க சோக நாடகம், நாயகன் அமெரிக்கப் பூர்வகுடியாக இருக்கணும். பரிசு 500 டாலர், கூடவே மூன்றாவது காட்சி வசூலில் பாதி. ஜெயித்தது ஜான் அகஸ்டஸ் ஸ்டோன் எழுதிய 'மெட்டமோரா'. 1829 டிசம்பரில் அரங்கேறி, ஃபாரஸ்ட்டுக்குக் காலம் முழுக்க காசு கொட்டியது. ஸ்டோனுக்கு அப்படியொன்றும் கிடைக்கலை.

நாடகத்தை அவர் அச்சுக்கே விடலை. காரணம் சட்டம். 1856 வரை அமெரிக்கக் காப்புரிமை அச்சிடுவதை மட்டும்தான் தடுத்தது, மேடையேற்றுவதை இல்லை. புத்தகமாக வந்தால் எந்தக் கம்பெனியும் போடலாம். அந்தக் காலத்து நடிகர்களுக்கும் முழுப் பிரதி போகாது. தன் வசனமும், அதற்கு முன்னால் வரும் அடுத்தவர் வசனத்தின் கடைசிச் சில சொற்களும் மட்டும்தான். விளைவு, 1941இல் 'மெட்டமோரா'வை அச்சிட்டபோது நான்காம் அங்கம் முழுசாகக் கிடைக்கலை.

ஃபாரஸ்ட்டுக்காக 'கிளாடியேட்டர்' நாடகம் எழுதிய ராபர்ட் மாண்ட்கோமரி பேர்ட், அவரோட வந்த பணத் தகராறில் நாடகமே வேண்டாம்னு விலகிட்டார். என்னைக் கேட்டால் நியாயம் பேர்ட் பக்கம்தான்.