நன்றாகச் செய்தான்

மின்தூக்கிக் கதவு மூடிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மா கேட்டார்.

"எப்படிச் செய்தான் டீச்சர்?"

"நன்றாகச் செய்தான் அக்கா."

நடந்தது இவ்வளவுதான். கதவு மூடியது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பையன் இப்போது தொடக்கநிலை 5-இல் இருப்பான். அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். நான் மட்டும் இன்னும் அந்த மின்தூக்கி வாசலிலேயே நிற்கிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. பள்ளி உளவியல் ஆய்வுக் குழு ஒன்றில் தமிழ் தெரிந்த உதவியாளராக இருந்தேன். இரண்டு மொழிகளில் வாசிக்கக் கற்கும் பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று சந்திப்பது என் வேலை. அந்த அம்மாவுக்கு அந்த வேறுபாடெல்லாம் பொருட்டில்லை. பையோடு வந்து, மேசையில் உட்கார்ந்து, பிள்ளையிடம் கேள்வி கேட்பவர் டீச்சர். அதிலும் தமிழில் கேட்பவர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் இங்கே 2.5 விழுக்காட்டினர்தான். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கும் ஒரு தாய், தன் மொழியில் பேசும் "நிபுணர்" வந்தால் எவ்வளவு நம்புவார் என்று நான் அன்றே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முகத்தில் எதையும் காட்டாமலிருப்பது. பிள்ளை சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் குரல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொடர்ந்து சில கேள்விகளுக்குத் தவறினால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும். தவறியதால்தான் நிறுத்துகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. பெற்றோர் கேட்டால், பிள்ளை நன்கு ஒத்துழைத்தான், நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் அது எளிதாக வாயில் வந்துவிடும். தமிழில், வாசலில் நிற்கும் ஒரு தாயிடம், ஏழரை வயதுப் பிள்ளையைப் பற்றி "ஒத்துழைத்தான்" என்று யார் சொல்வார்கள்? அந்த இடத்தில்தான் "நன்றாகச் செய்தான்" வந்து உட்கார்ந்தது. எத்தனையோ வீடுகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகத்தான் செய்தார்கள். அதனால் அந்தச் சொல் என்னை உறுத்தியதே இல்லை.

இவன் அப்படியில்லை. அன்றைய முக்கால் மணி நேரத்தை மறக்க முடியவில்லை. ஆங்கிலச் சொற்பட்டியலில் ஆறாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். அது எனக்கு வியப்பாக இல்லை. வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை. தமிழ்ப் பட்டியலை எடுத்தபோது அவனே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். விரலைச் சொல்லுக்கு அடியில் அழுத்தி வைத்தான். நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தம். "கொடி" என்று இருந்தது. அவன் வாசித்தது: "கெ... ர... டி."

தமிழ் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இது தெரியும். கொம்பு முன்னால் நிற்கிறது, எழுத்து நடுவில், கால் பின்னால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகக் கேட்க வேண்டும். இவன் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்தான். காலை "ர" என்று எடுத்துக்கொண்டான். தொடக்கநிலை 1-இல் பல பிள்ளைகள் இந்தத் தவற்றைச் செய்வார்கள். சில மாதங்களில் விட்டுவிடுவார்கள். இவன் தொடக்கநிலை 2-இன் பாதியைத் தாண்டியிருந்தான். "மாடு" என்பதையும் "மரடு" என்றே வாசித்தான். வாசித்துவிட்டு, அப்படி ஒரு சொல் இல்லையே என்று அவனுக்கே தெரிந்து, என் முகத்தைப் பார்த்தான். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை.

கடைசியில் படம் பார்த்துக் கதை சொல்லும் பகுதி. அங்கே வேறொரு பிள்ளை வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. தொலைந்த நாய்க்குட்டியைப் பையன் "கொல்லையில் போய்த் தேடினான்" என்றான். பத்தாவது மாடியில் வளரும் பிள்ளைக்குக் கொல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாட்டி சொல்லும் கதையில் வரும் என்றான். "கொ" அவன் வாயில் அவ்வளவு சுத்தமாக இருந்தது. தாளில்தான் அது அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, நன்றாகச் செய்தான் என்றது பொய்யில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதை சொன்னதைத்தான் அப்படிச் சொன்னேன் என்று. ஆனால் அந்த அம்மா கதையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கதையை நினைத்துச் சொல்லவில்லை. பஸ்ஸை நினைத்துச் சொன்னேன்.

வேறொரு நியாயமும் என்னிடம் இருந்தது. அது வலுவானது. ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களில் கனடாவில், ஆங்கிலத்தைப் பிறகு கற்ற பிள்ளைகள் 400-க்கும் மேற்பட்டோரின் உளவியல் மதிப்பீட்டுக் கோப்புகளை எடுத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் சரளமாகப் பேசியதால், அவர்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று மதிப்பிட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேர்வில் தடுமாறியதும், குறை பிள்ளையிடம்தான் என்று எழுதிவிட்டார்கள். பேச்சு மொழி சுமார் இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும், பாடத்துக்குரிய மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூடத் தேவைப்படும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எங்களைப் போன்றவர்களுக்கு இது எச்சரிக்கை மணி. எங்கள் கையிலிருந்த மதிப்பெண் அட்டவணையும் வேறொரு நாட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானது. சராசரி 100, அதற்குக் கீழே 85 என்றெல்லாம் அதிலிருந்து எடுத்து, ஈசூன் வட்டாரத்தில் பாட்டியிடம் கதை கேட்டு வளரும் பிள்ளையின் நெற்றியில் ஒட்ட எனக்கு என்ன உரிமை? வாய் தவறி ஒன்றைச் சொல்லி, அந்தப் பிள்ளையை ஒரு வீடே வேறு கண்ணோடு பார்க்கும்படி செய்வதைவிட, ஒன்றும் சொல்லாமலிருப்பது மேல்.

இதை எழுதும்போதே அதன் ஓட்டை தெரிகிறது. மொழி புதிது என்பதால் மட்டும் தடுமாறும் பிள்ளை, தெரிந்த மொழியில் தடுமாறாது. இரண்டு மொழியிலும் வாசிப்பு ஒரே மாதிரி சிக்குகிறது, காதும் வாயும் நன்றாக இருக்கின்றன என்றால், வாசிப்புக் குறைபாட்டுக்கு நாங்கள் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அடையாளமே அதுதான். அட்டவணை தேவையே இல்லை. "கெரடி" என் காதில் விழுந்தது. கம்மின்ஸ் சொன்ன எச்சரிக்கை இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பது எனக்கு அன்றே தெரியும்.

ஓர் ஆண்டு கழித்து இரண்டாவது சந்திப்புக்குப் போனேன். அந்த அம்மா முறுக்குத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"போன வருடக் கடைசியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள் டீச்சர். வாசிக்கச் சிரமப்படுகிறான், தனி வகுப்பில் போடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் போடவில்லை. வீட்டுக்கு வந்து சோதித்த டீச்சரே நன்றாகச் செய்தான் என்றார், நீங்கள் ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்."

அந்தத் தனி வகுப்பு எது என்று எனக்குத் தெரியும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்காகப் பள்ளியிலேயே, சிறு குழுவாக, வாரத்தில் சில நாள்கள் நடத்தும் வாசிப்புப் பயிற்சி, 2012-இல் தொடங்கியது. நான் இந்த வேலைக்கு வந்தபோது இப்படி ஒன்று இருக்கிறதே என்று நிம்மதி அடைந்தவள். அந்த வகுப்புக் கதவைச் சாத்தியது என் வாயிலிருந்து வந்த சொல்.

"பள்ளியில் சொன்னால் காரணம் இருக்கும் அக்கா. இன்னொரு முறை போய்ப் பேசிப் பாருங்கள்," என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் அன்று ஏன் நன்றாகச் செய்தான் என்றீர்கள்?"

அது எங்கள் வழக்கம் என்று சொல்ல முடியவில்லை. "ஆய்வு முடிவுகளைத் தனித்தனியாகச் சொல்லக்கூடாது அக்கா, படிவத்தில் போட்டிருக்கிறது," என்றேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து வந்தார். ஓர் ஆண்டாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வரியை விரலால் காட்டினார்: "தனிப்பட்ட முடிவுகள் வழங்கப்படமாட்டா." அதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவள் நான். எங்களுக்கு முடிவு என்றால் சோதனையில் கிடைத்த விடை. அவர் அதை எப்படி வாசித்திருந்தார் என்றால், தன் பிள்ளையைப் பற்றி யாரும் தனியாக எதையும் முடிவு செய்துவிட மாட்டார்கள் என்று. அந்த உறுதியை நம்பித்தான் கையெழுத்தே போட்டிருந்தார். நெறிமுறைக் குழு அந்தப் படிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தது. ஒருவர்கூட அந்த வரியைத் தவறென்று சொல்லவில்லை. தவறும் இல்லை; அகராதிப்படி சரியான தமிழ்தான்.

அன்றிரவே குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நாங்கள் செய்தது நோயறியும் சோதனை இல்லை, அதை வைத்து எதையும் சொல்லியிருந்தால் அதுவே பெரிய தவறு என்றார். எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் போனது: பிள்ளையின் வாசிப்பைப் பற்றிக் கவலை இருந்தால் பள்ளியை அணுகுங்கள், இந்த ஆய்வில் பங்கேற்றது மதிப்பீடு ஆகாது. அதன் தமிழை மூன்று தாய்மார்களிடம் வாசித்துக் காட்டிய பிறகே அனுப்பினேன். அந்த வீட்டில் அது உறைக்குள் போனதா, பள்ளிக்குப் போனதா தெரியாது. ஆய்வு அத்தோடு முடிந்தது. மூன்றாவது சந்திப்பு இல்லை.

பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினே 1905-இல் தன் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, பாரிஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதற்காக. கண்டறிவதும் உதவுவதும் அன்று ஒரே வேலையின் இரண்டு பாதிகள். எங்கள் வேலையில் முதல் பாதி மட்டும் இருந்தது. அறிவுக்கு அதுவும் தேவை என்பதை இன்றும் நம்புகிறேன். தமிழ் வாசிப்பில் எது இயல்பான தடுமாற்றம், எது குறைபாடு என்று பிரித்துச் சொல்ல, அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்தால்தான் முடியும். அவன் தந்த முக்கால் மணி நேரம் இன்னொரு பிள்ளைக்கு உதவும். அவனுக்கு உதவியதா என்ற கேள்விக்கு நான் அந்த வாக்கியத்தால் பதில் சொல்லிவிட முடியாது.

இப்போது வேறொரு திட்டத்தில் இருக்கிறேன். யாராவது எப்படிச் செய்தான் என்று கேட்டால், "அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் பள்ளியில் கேளுங்கள்" என்கிறேன். சென்ற மாதம் ஒரு தாய் அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டார். அவர் மகள் எல்லாவற்றையும் மளமளவென்று முடித்திருந்தாள். அதையும் நான் சொல்லக்கூடாது. படியிறங்கும்போது, நன்றாகச் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த இரண்டாவது சந்திப்பில் கடைசியாக நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பையனும் அம்மாவும் மின்தூக்கி வரை வந்தார்கள். அம்மா அதிகம் பேசவில்லை. சுவரில் டெங்கி அறிவிப்பு நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தது. பையன் அதன் எதிரில் போய் நின்று, தமிழ் வரியில் விரலை வைத்து, சத்தமாக, "கொசு!" என்றான்.

அம்மாவின் முகம் திரும்பவும் மலர்ந்தது. "பாருங்கள் டீச்சர், படிக்கிறான்."

அறிவிப்பில் பாதித் தாளுக்குக் கொசுவின் படம் போட்டிருந்தது. மின்தூக்கி வந்தது. நான் பையனின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனேன்.