படகில் வந்து பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைக்கும் வரை

2012இல் இலங்கையில் இருந்து படகேறி அவுஸ்திரேலியா வந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். நானும் அதில் ஒருவன். அடுத்த வருடத் தேர்தலே ‘படகுகளை நிறுத்துவோம்’ என்ற கோஷத்தோடுதான் நடந்தது. அகதிகளை உள்ளே விடுவதா இல்லையா என்று இன்றைக்கும் கதைக்கிறார்கள். விட்டபிறகு என்ன நடக்கிறது என்று கதைப்பவர்கள் குறைவு.

2012 ஓகஸ்ட் 13 என்ற திகதி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு வந்தவர்களை பசிபிக் தீவு நாடான நவுருவுக்கோ பப்புவா நியூகினியின் மானுஸ் தீவுக்கோ அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. அங்கே இடம் போதாததால் எங்களில் பெரும்பாலானோரைத் தடுப்பு முகாம்களில் வைத்துவிட்டு முடிவு வரும்வரைக்குமான ‘பிரிட்ஜிங்’ என்ற இடைக்கால விசாவில் வெளியே விட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. வேலையில்லாதவர்களுக்கான கொடுப்பனவில் 89 சதவீதம் தந்தார்கள். நல்ல தேகபலத்தோடு சும்மா வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை உரிமை 2014 கடைசியில் சட்டம் மாறிய பிறகுதான் வந்தது.

அதே சட்டம்தான் தற்காலிக விசாக்களையும் கொண்டுவந்தது: ஒன்று மூன்று வருடம், மற்றது ‘செவ்’ (SHEV) என்று நாங்கள் சொல்லும் ஐந்து வருட விசா. உண்மையான அகதி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டாலும் அப்போது நிரந்தரம் கிடைக்கவில்லை. அமைச்சர் அனுமதித்துக் கடிதம் வந்தால்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது. எங்களுக்கான இலவசச் சட்ட உதவியையும் 2014 மார்ச்சோடு நிறுத்தியிருந்தார்கள். தொண்டு வழக்கறிஞர்களின் காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடக்க, 2017 ஒக்டோபர் 1க்குள் விண்ணப்பம் கொடுக்காவிட்டால் அகதிக் கேஸே இல்லை என்று கெடுவும் விதித்தார்கள்.

எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞர் அம்மா. அவர் செய்த முதல் அலுவல், நாங்கள் வந்திறங்கியபோது எடுத்த நேர்காணலின் ஒலிப்பதிவைத் தகவல் உரிமையின்கீழ் கேட்டு எடுத்தது. கடல் களைப்பில், யாரிடம் பேசுகிறோம் என்றே விளங்காமல் சொன்ன பதில்கள் அவை. வருடங்கள் கழித்து அதிகாரி அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்: “இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?” நிறையப் பேரின் கேஸ் அடிபட்டது இந்த ஒரு கேள்வியில்தான். நானும் அவரும் ஒவ்வொரு வரியாகக் கேட்டு, விடுபட்டதையெல்லாம் வாக்குமூலத்தில் காரணத்தோடு எழுதினோம். திகதிகள் எனக்கு நினைவில் நிற்காது. நல்லூர்த் திருவிழாவுக்கு முதல், போரின் கடைசியில் மாத்தளனை விட்டு வெளிக்கிட்ட பிறகு, மெனிக் பாம் முகாமில் மழை வெள்ளம் வந்தபோது என்றுதான் சொல்ல வரும். அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் மாதம், வருடம் கண்டுபிடித்தார். என்னைப் பெற்ற அம்மா பத்திரப்படுத்தி அனுப்பிய முகாம் அட்டையும் கிராம சேவகர் கடிதமும் பெரிய துணை. இன்றைக்கு எந்த நாட்டில் கேஸ் எழுதுபவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் என்ன சொன்னீர்கள் என்பதைக் கையில் எடுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

எனக்கு ‘செவ்’ கிடைத்தது. என்னோடு அதே படகில் வந்த நண்பனுக்கு நிராகரிப்பு. எங்கள் இருவரின் கதையும் அதிகம் வேறில்லை. அவனுடைய மீளாய்வு கடதாசியில்தான் நடந்தது. அவன் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை; விசேஷ காரணம் இல்லாமல் புதிய ஆதாரத்தை எடுப்பதுமில்லை. அந்த முறை 2024இல் ஒழிந்தது. ஆனால் அதன்கீழ் வந்த முடிவுகள் அப்படியே இருக்கின்றன.

‘செவ்’ வைத்திருந்த காலத்தில் குடும்பத்தைக் கூப்பிட முடியவில்லை. ஊருக்குப் போக முடியவில்லை. மூன்றாவது நாட்டுக்குப் போவதற்கும் தக்க காரணம் காட்டி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. மனைவியையும் மகளையும் நான் பார்த்தது திருச்சியில், வாடகை வீட்டில், சில கிழமைகள். அப்பாவின் செத்தவீட்டை தொலைபேசியில் பார்த்தேன்.

கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் சொல்வதில் கடலில் போன உயிர்களைப் பற்றிய கவலை உண்மையானது. 2010 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவுப் பாறைகளில் ஒரு அகதிப் படகு மோதி ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். அந்தக் கடலில் வந்த நான் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் ‘வரிசையில் வந்திருக்கலாமே’ என்பதை ஏற்க முடியாது. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. யாழ்ப்பாணத்தில் நின்று சேர எந்த வரிசையும் இருக்கவில்லை. படகை நிறுத்துவது ஒரு விஷயம், வந்து சேர்ந்தவனைப் பத்து வருடம் முடிவில்லாமல் தொங்கவிடுவது வேறு விஷயம். இரண்டாவதால் ஒரு உயிரும் காப்பாற்றப்படவில்லை.

2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. எனக்கும் வந்தது. உடனே குடும்பத்துக்கு விண்ணப்பித்தேன். மகள் அதற்குள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள்.

நிராகரிக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2023இல் தமிழ், ஈரானியப் பெண்கள் சேர்ந்து நிரந்தர விசா கேட்டு மெல்பேர்னில் இருந்து கன்பராவுக்கு நடந்தே போனார்கள். அடுத்த வருடம் மெல்பேர்ன் டொக்லண்ட்ஸில் நிறையப் பேர் கூடாரம் போட்டு இரவும் பகலும் இருந்தார்கள். என் நண்பனும் அங்கே இருந்தான். அவனுடைய மகன் இங்கேயே பிறந்தவன், வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிப்பான். அமைச்சர் தலையிட வேண்டும் என்று புது மனு தயாரிக்கிறோம். வேலைத்தள முதலாளியும் மகனின் ஆசிரியையும் கடிதம் தந்திருக்கிறார்கள். அந்த வழக்கறிஞர் அம்மாதான் இதையும் எழுதுகிறார்.