வீட்டு அலுவலக வரிக் கழிவும் அம்மாவின் கட்டிலும்

ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை, தக்கலையில் எங்கள் வீட்டு மேற்கு அறையில் இரவெல்லாம் விழித்திருந்து அமெரிக்க வரிப் படிவங்களைத் தயாரிப்பது என் தொழில். விலை ஏறட்டும் என்று அப்பா அடுக்கி வைத்திருக்கும் ரப்பர் ஷீட்டுகளும் அதே அறையில்தான் இருக்கின்றன. புகையும் புளிப்பும் கலந்த அவற்றின் வாடை மூக்குக்குப் பழகிவிட்டது.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் என் அக்கா, 2024ஆம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேளையில் அழைத்து, "மக்கா, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு எனக்கு ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டாள். வீட்டு அலுவலகச் செலவை வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் கழிவைத்தான் கேட்டாள். அமெரிக்க மத்திய வரியில் கிடையாது. 2017 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், சம்பளக்காரர்களுக்கான அந்தக் கழிவை 2018 முதல் நிறுத்திவிட்டது. சுயதொழில் செய்வோருக்கு மட்டும் அது நீடிக்கிறது. ஆனால் மாநில வரி வேறு. கலிபோர்னியா அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. மத்தியப் படிவத்தில் நிலையான கழிவை, அதாவது செலவுக் கணக்குக் காட்டாமலே கிடைக்கும் ஒரே தொகையை எடுத்தவர்கூட, மாநிலப் படிவத்தில் செலவுகளை இனம் இனமாகக் காட்டலாம். பலர் இதை அறியாமல், மத்தியப் படிவத்தில் இல்லாதது மாநிலத்திலும் இருக்காது என்று விட்டுவிடுகிறார்கள். மாநில அரசுக்குத் தனியாக வருமான வரியா என்று இங்கே பக்கத்து வீட்டு மாமா இன்றும் வியக்கிறார். நம் ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள இருப்பது தொழில் வரி ஒன்றுதான், அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது.

அக்காவின் நிறுவனம் அலுவலகத்தையே மூடிவிட்டதால், வேலையளிப்பவரின் வசதிக்காக வீட்டில் வேலை செய்கிறாள் என்ற நிபந்தனை நிறைவேறியது. இணையக் கட்டணத்தை நிறுவனமே திருப்பித் தருகிறது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீடு 800 சதுர அடி, அறை 120 சதுர அடி, அதாவது 15 விழுக்காடு. ஆண்டு வாடகை 28,800 டாலரில் 4,320 டாலர். அவளுடைய சரிசெய்த மொத்த வருமானம், அதாவது சட்டம் அனுமதிக்கும் சில தொகைகளை முதலில் கழித்தபின் நிற்பது, 80,000 டாலர். அதன் 2 விழுக்காடான 1,600 டாலரைத் தாண்டிய செலவுக்கே கழிவு என்பதால், மிச்சம் 2,720. அங்குள்ள தேவாலயத்துக்கு அவள் கொடுத்த 3,000 டாலரையும் சேர்த்தால் 5,720. தனிநபருக்கான மாநில நிலையான கழிவு 5,540. இரண்டில் பெரியதை எடுக்கலாம் என்பதால், 180 டாலர் கூடுதல் என்று இருவரும் மகிழ்ந்தோம்.

பிறகு அறையைக் காட்டச் சொன்னேன். கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது, 2023இல் அங்கு போயிருந்த அம்மாவுக்காக வாங்கிய கட்டில். விருந்தினர் யார் வந்தாலும் அதில்தான் படுப்பார்கள். அந்த இடம் வேலைக்கு மட்டுமே, வேறெதற்கும் அல்ல என்று இருக்க வேண்டும். சுவர் தேவையில்லை, அடையாளம் காணக்கூடிய தனிப் பகுதியாக இருந்தால் போதும். ஆகவே மேசையும் அலமாரியும் நிற்கும் 6 அடிக்கு 8 அடி இடத்தைத்தான் காட்ட முடியும் என்றேன். 48 சதுர அடி, 6 விழுக்காடு, 1,728 டாலர். 1,600 போக 128. தேவாலயக் காணிக்கையையும் சேர்த்தால் 3,128தான், நிலையான கழிவைவிடக் குறைவு.

"கட்டிலை நீ பார்க்காமல் இருந்திருந்தால்?" என்றாள். பார்த்துவிட்டேனே.

எனக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு, கணக்குத் தொழில் செய்பவரின் வரவில் பாதியை வருமானமாக எடுத்துக்கொண்டு, செலவு என்ன என்று கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் ரப்பர் ஷீட்டுகளின் அடுக்கையும் நான் டேப்பால் அளக்க வேண்டியிருக்கும். அக்கா அன்றிரவே நிலையான கழிவைக் குறித்து மாநிலப் படிவத்தை அனுப்பினாள். அடுத்த குளிர்காலத்துக்கு அம்மா மீண்டும் போகிறார். கட்டில் அங்கேயே இருக்கும்.