தகரக் கூரை

நெல்லியாம்பதி

மே 18
அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. பாலக்காட்டுக்குப் போன் செய்தால் "நாளை" என்கிறார்கள்.

மே 19
இன்றும் நாளை.

மே 21
விடியுமுன்பே கூரையில் டக், டக். லயத்துக்கு, எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் நாவல் பழம் கறுத்துவிட்டது, நாட்டுக்குரங்குகள் வந்துவிட்டன. அம்மா படுத்தபடியே திட்டுகிறாள். மரத்திலேயே உட்கார்ந்து தின்றால் பெரிய கடுவன் பிடுங்கிக்கொள்ளும். அதனால் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு எங்கள் தகரத்துக்கு ஓடி வருகின்றன. குட்டியை வயிற்றில் சுமந்த ஒரு பெண்குரங்கு புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொரு பழமாக வாய்க்குள் தள்ளியது. சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பியது. மோவாயெல்லாம் ஊதா.

மே 22
தம்பி திருப்பூரிலிருந்து பணம் மட்டும் அனுப்பியிருக்கிறான்.

மே 25
போன் மணி அடித்ததாக நினைத்து இரண்டு தடவை உள்ளே ஓடினேன். பிறகு மரத்தடியைக் கூட்டினேன். போன மழைக்கு முளைத்த நாவல் கன்றுகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு சூம்பி நிற்கின்றன. வெயில் இறங்காத இடம். பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் முதலில் வரும். கூரையிலிருந்து உருண்டு சாக்கடையோரம் விழுந்தது மட்டும் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. குரங்கு எச்சத்தையும் குச்சியால் கிளறினேன் (வேறு என்ன வேலை?). கடுகு கடுகாக அத்தி விதைகள், கொஞ்சம் கொய்யா விதை. சாணி வண்டு ஒன்று அதில் உருண்டை பிடித்து மண்ணுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. குழி தோண்டும் கூலி மிச்சம்.

மே 26
ரிப்போர்ட் வந்தது. திருச்சூருக்குப் போகச் சொல்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

மே 29
காட்டை நட்டதே குரங்குதான் என்கிறார் பக்கத்து லயத்து அண்ணன். எல்லாக் குரங்குமா? சோலைக்குள் சிங்கவால் குரங்கு வெடிப்பலா விதையையே கடித்துத் தின்கிறது. அந்த விதை முளைக்கவா போகிறது? கருமந்திக்குப் பெரும்பாலும் இலைதான். நாட்டுக்குரங்கோ காப்பிப் பழத்தைச் சப்பிக் கொட்டையைக் காட்டுக்குள்ளும் துப்பும். அதற்குக் காடென்ன, தோட்டமென்ன? அண்ணனோடு இப்படிச் சண்டை போட்டதில் ஒரு மணி நேரம் திருச்சூரை மறந்திருந்தேன்.

மே 30
அம்மா கேட்டாள், "எனக்கு என்னடி?" வெந்நீர் வைக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 2
காலை பஸ். ரேஷன் கார்டு, பழைய ஸ்கேன், போர்வை, ஃபிளாஸ்க். போத்துண்டி வரை வளைவுகள். முன்சீட்டு கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு வாந்தி வரும்.