தானக் கருமுட்டையில் குழந்தை: மருந்தைவிடக் காகிதமே அலைக்கழித்தது

தானக் கருமுட்டை மூலம் குழந்தை பெற்றுக்கொள்ள முடிவெடுத்திருக்கும் தம்பதியருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடர்கிறேன். ஊசி, மாத்திரை பற்றியெல்லாம் விசாரிப்பதற்கு முன்பு, முட்டை தரும் பெண்ணுக்கான காப்பீட்டுப் பாலிசியை யார், எங்கே, எப்போது எடுப்பது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு மாதச் சிகிச்சை முழுதாக வீணானது அந்தக் காகிதத்தால்தான். குழந்தை மடிக்கு வந்த பிறகும் அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தணியவில்லை.

நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். கணவர் காபி எஸ்டேட்டில் மேற்பார்வையாளர். சிகிச்சை சேலத்தில் நடந்தது. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ஹார்மோன் அளவு எனக்கு மிகவும் குறைந்திருந்ததால் சொந்த முட்டையில் செய்த ஐ.வி.எஃப். என்ற சோதனைக் குழாய்ச் சிகிச்சை பலிக்கவில்லை. மீண்டும் அதே வழியில் பணத்தையும் உடம்பையும் கரைக்க வேண்டாம் என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். டோனர் முட்டைக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள எங்களுக்குக் காலம் பிடித்தது. அதை இங்கே விரிக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப) சட்டப்படி, டோனரை மருத்துவமனை நேரடியாக ஏற்பாடு செய்ய முடியாது. பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் வர வேண்டும். முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டைகளை ஒரு தம்பதிக்கு மட்டுமே கொடுக்கலாம். மருத்துவமனைக்கு எதிரிலிருந்த டீக்கடையில் என் கணவரிடம் பேச்சுக் கொடுத்த ஏஜென்ட் ஒருவர், "பதினைந்து முட்டைக்குக் குறையாம கிடைக்கும் சார், பேங்க் எல்லாம் வேண்டாம், பாதிச் செலவுல முடிச்சிடலாம்" என்றாராம். ஏழுக்கு மேல் ஒருவர் வாக்குக் கொடுத்தாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் தயாரித்து, பல மருத்துவமனைகளில் மறுபடி மறுபடி கருமுட்டை எடுத்த கொடுமை வெளிவந்தது நம் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் உடம்பை நாசமாக்கி நம் வீட்டுத் தொட்டில் ஆட வேண்டியதில்லை.

ஆகவே காகிதங்களில் காட்டப்படும் கண்டிப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அந்தக் கண்டிப்பை முதல் நாளே சொல்லாததுதான் குறை. முட்டை எடுப்பதால் அந்தப் பெண்ணுக்கு ஏதேனும் பாதிப்பு வந்தால் அதற்கான செலவை ஏற்க, குழந்தை வேண்டும் தம்பதியர்தான் அவர் பெயரில் பன்னிரண்டு மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்பது விதி. மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, "அதெல்லாம் பேங்க் பார்த்துக்கும் மேடம், நீங்க மாத்திரையை ஆரம்பிங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பி, கர்ப்பப்பையின் உள்படலம் வளர்வதற்கான எஸ்ட்ராடியால் மாத்திரையைத் தொடங்கிவிட்டோம். டோனருக்கு மாதவிலக்கு வந்து முட்டை வளர்வதற்கான ஊசி ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது: "பாலிசி காப்பி இன்னும் அனுப்பலையே?"

அன்றே மலையிறங்கி ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் விண்ணப்பத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, காப்பீடு பெறுபவரின் பெயர் என்ற கட்டத்தைப் பேனா முனையால் தட்டினார். டோனரின் அடையாளம் எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயர் தெரியாது என்றோம். அடுத்த கட்டத்தைத் தட்டினார்: உறவு முறை. ஒன்றுமில்லை என்றோம். "பேரும் தெரியாது, உறவும் கிடையாது, அப்புறம் யாருக்கு மேடம் பாலிசி போடறது?" என்று அவர் கேட்டது அந்த அறையிலிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. கருமுட்டை தானம் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் கணவர் சொன்னார். அப்படி ஒரு பாலிசியே கிடையாது என்று அந்த அலுவலர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். வேறு அலுவலகங்களிலும் ஏறி இறங்கினோம். அதற்குள் டோனருக்கு ஊசி தொடங்கும் நாள் கடந்துவிட்டது. என் மாத்திரையும் பாதியில் நிறுத்தப்பட்டது.

வழி என்னவோ எளிதாகத்தான் இருந்தது. இத்தகைய பாலிசி தரும் நிறுவனத்தோடு அந்த வங்கிக்கு ஏற்கெனவே தொடர்பு இருந்திருக்கிறது. டோனரின் விவரங்களை வங்கி நேரடியாக நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். நாங்கள் பிரீமியம் கட்டினால் போதும். பெயரை மறைத்த நகல் ஒன்று எங்களுக்கு வரும். இதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்த மாதம் கைவிட்டுப் போயிருக்காது. பாலிசி கைக்கு வந்ததும் காலத்தையும் தொகையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்காக நாம் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். அதைக் கடனே என்று செய்யக் கூடாது. இதோடு நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரமும் கொடுத்தோம். ஆதாரில் இனிஷியலும் திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் அதற்கும் தடை சொல்வார்கள். முன்கூட்டியே திருத்தி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை என் கர்ப்பப்பையில் வைத்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏறிப் போனால் கரு தங்காது என்று உறவினர் பலரும் பயமுறுத்தினார்கள். பயணத்தால் கரு நழுவிவிடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். இருந்தாலும் கர்ப்பத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையான பீட்டா ரிப்போர்ட் வரும்வரை அம்மாபேட்டையில் அக்கா வீட்டிலேயே தங்கினேன். கரு தங்குவதற்கான புரோஜெஸ்டிரோன் ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு வலித்ததற்கு அக்கா ஒத்தடம் கொடுத்தாள் என்பதைத் தவிர அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது.

எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம், குழந்தைக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் டபுள் மார்க்கர் பரிசோதனை. பதினோரு வாரத்துக்குப் பின், குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனோடு சேர்த்து இரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர்தான் ரிப்போர்ட்டை வாங்கி வரிக்கு வரி படித்துப் பார்த்து, தாயின் வயது என்று என் 41ஐப் போட்டுக் கணக்கிட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இந்தக் கணக்கு முட்டை தந்தவரின் வயதை வைத்துப் போடப்பட வேண்டியது. கருத்தரித்த முறை, டோனர் வயது இரண்டுக்கும் படிவத்தில் இடம் இருந்தும், கவுண்டரில் இருந்த பெண் அவற்றைக் கேட்காமலே கோடு போட்டு விட்டிருந்தார். முட்டை எடுத்தபோது டோனருக்கு 27 வயது என்பது வங்கி கொடுத்த தாளில் இருந்தது. அதைக் காட்டிய பிறகும், "ரிப்போர்ட் போனது போனதுதான், மாத்த முடியாது" என்றார்கள். எங்கள் மருத்துவர் தொலைபேசியில் பேசிய பின்பே மறுகணக்கு போட்டார்கள். அபாயம் குறைவு என்று வந்தது. அந்தத் தாளின் நகல் கையில் இருந்திராவிட்டால் வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுக்கும் பரிசோதனை வரை போயிருப்போம். கரு உறைய வைக்கப்பட்டிருந்தாலும், முட்டை எடுத்த நாளில் டோனருக்கு இருந்த வயதைத்தான் கொடுக்க வேண்டும்.

உறவினரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தானக் கருமுட்டைக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே கவனமாகப் பார்த்தார்கள். கடைசியில் அழுத்தம் ஏறத்தான் செய்தது. 37ஆவது வாரத்தில் சிசேரியன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம்.

பிறப்புச் சான்றிதழுக்குத் தத்தெடுப்பு ஆணையோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அப்படி எதுவும் தேவையில்லை. இவ்வாறு பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். முட்டை தந்தவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. மருத்துவமனை அனுப்பிய விவரத்தின்படி தாய், தந்தை என்ற இடங்களில் எங்கள் இருவர் பெயரோடும் சான்றிதழ் வந்தது. எங்கள் மகளின் விஷயத்தில் யாரும் எங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்த ஒரே காகிதம் அதுதான்.